பதினொன்றாவது படம்

காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்குத் திரை பச்சையானது. எல்லாம் கெடத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான்.

நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்கு என் ஞாபகசக்தி காரணமில்லை. கடைக்குப் போய் நின்றுகொண்டு, எதற்கு வந்தேன் என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கிற ஆள் நான். படத்தின் வலது மூலையில் நேரம் பதிவாகியிருக்கிறது. அந்த மூலையை இதுவரை நூறு முறையாவது பார்த்திருப்பேன்.

காரைக்காலில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டு டெக்னீஷியனாக இருந்தேன். வேலையின் கடைசிக் காலத்தில், கைக்குழந்தைகளின் இடுப்பு மூட்டைப் பார்த்துச் சொல்லும் ஒரு கருவி சோதனைக்காக எங்களிடம் வந்தது. செயற்கை நுண்ணறிவு என்றார்கள். எங்கள் பிரிவில் அதை முதலில் கையில் பிடித்தவன் நான். இப்போது அது அங்கே நிரந்தரமாகப் போகிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "ஒங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார், பயிற்சி அன்னிக்கு எல்லாருக்கும் நகல் எடுத்துக் குடுக்கலாம்" என்றார்கள். நான் எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றினேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. காப்பியும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு நம்பிக்கையோடு போனார்கள்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதுச்சேரியில் இரண்டு ஆண்டு எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். ஊருக்குத் திரும்பி வேலையில் சேர்ந்த பிறகு மனிதர்களைப் படித்தேன். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் விடுவார்கள். விடச் சொன்னால் பிடிப்பார்கள். அசையாதீர்கள் என்றால் தலையை ஆட்டி "சரி" என்பார்கள்.

மீதியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ராஜலட்சுமி மேடம். எங்கள் கதிரியக்க மருத்துவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். ஒருமுறை நான் வலது முழங்காலுக்குப் பதிலாக இடது முழங்காலைப் படம் எடுத்துக் கொடுத்தபோது, கண்ணாடியே தேய்ந்துவிடும் என்று பயந்தேன்.

மேடத்தின் கையில் ஒரு நீள நோட்டு உண்டு. நாங்கள் அதைக் கழிவு நோட்டு என்போம். சரியாக வராத ஒவ்வொரு படத்தையும் அதில் எழுத வேண்டும். யாருடைய படம், எத்தனை மணிக்கு, என்ன கோளாறு. கடைசிக் கட்டத்தில் காரணம். படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எடுப்பது அவருக்குப் பிடிக்காது. "கெட்ட படமும் அந்த நோயாளியோட படந்தான் அந்தோணி. தூக்கிப் போட நீங்க யாரு?" என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் காரணக் கட்டத்தில் "நோயாளி அசைந்துவிட்டார்" என்று எழுதினேன். அதை ஒரே கோடாக அடித்து, மேலே "நான் அசைய விட்டேன்" என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

அந்த நோட்டிலிருந்து எங்கள் பிரிவுக்கு இரண்டு சட்டங்கள் பிறந்தன. இரண்டுக்கும் சாட்சி நானே.

முதலாவது, என் மாமியாருக்கு நெஞ்சுப் படம் எடுத்த அன்று. என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போன பிறகு மாமியாருக்கு அங்கிருந்து பென்ஷன் வருகிறது. அந்த அம்மா நாற்காலியில் உட்காருவதே கொடி ஏற்றுவதுபோல இருக்கும். கழுத்தில் சங்கிலியும் பெரிய சிலுவையும். கழற்றச் சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. படத்தில் இரண்டு நுரையீரலுக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு சிலுவை நின்றது. கோளாறு: சங்கிலி கழற்றப்படவில்லை. காரணக் கட்டத்தை மேடமே நிரப்பினார்: "மருமகன்." அன்றிலிருந்து சொந்தக்காரர்களுக்கு யாரும் படம் எடுக்கக் கூடாது.

இரண்டாவது, கோட்டுச்சேரிமேட்டிலிருந்து சளியோடு வந்த ஒரு குழந்தை. அப்பா பிள்ளையை விட்டு நகரமாட்டேன் என்றார். பாவம் என்று விட்டேன். படத்தைக் கழுவிப் பார்த்தால் குழந்தையின் நெஞ்சின் மேல் ஐந்து விரலும் ஒரு மோதிரமும் இருந்தன. காரணம்: "அப்பா." அன்றிலிருந்து படம் எடுக்கும்போது அம்மா மட்டும் உள்ளே. "அப்பா கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்று கதவருகே சொல்வது என் வேலையின் பாதி. பட்டாமணியக்காரர் வீட்டு ஆளோ, விசைப்படகு வைத்திருப்பவரோ, எல்லோரிடமும் ஒரே குரலில் சொல்வேன். அவர்கள் முகம் சுருங்கும். கதவைச் சாத்தும்போது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருக்கும். இதையும் எழுதத்தான் வேண்டும்.

கருவி வந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. உடம்பின் மேல் வைத்துப் பார்க்க, சவரம் செய்யும் மெஷின் அளவில் ஒரு புரோப், பக்கத்தில் ஒரு டேப்லெட். சொல்லிக்கொடுக்க நகரத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். "அங்கிள், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். கை ஸ்டெடியா இருந்தா போதும், மத்தத அது பாத்துக்கும்" என்றார்கள். அங்கிள் என்ற சொல்லை அன்று மன்னித்தேன். பின்னால் அது எவ்வளவு மரியாதையான சொல் என்று புரிந்தது.

அந்தக் கருவி எதைத் தேடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அதற்கு ஒரு கிண்ணம். சில குழந்தைகளுக்குக் கிண்ணம் ஆழம் போதாது, பந்து வழுக்கும். குழந்தை அழாது, காய்ச்சல் வராது, பால் நன்றாகக் குடிக்கும். பெற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆரம்ப வாரங்களில் கண்டுபிடித்தால் கால்களை விரித்து வைக்கிற ஒரு பெல்ட்டைச் சில மாதம் போட்டால் பெரும்பாலும் கிண்ணம் தானே ஆழமாகிவிடும். நடக்கிற வயதில் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சை வரை போகலாம். விட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்கச் சாய்ந்து நடக்க வேண்டும். தலை திரும்பாமல் கால் கீழாகவோ, உட்கார்ந்த வாக்கிலோ வயிற்றில் இருந்த குழந்தைகளுக்கும், பெண் குழந்தைகளுக்கும், தலைப்பிள்ளைகளுக்கும் இது வர வாய்ப்பு அதிகம்.

செய்முறை எளிது என்றுதான் தோன்றும். குழந்தைக்குப் பாதி வயிறு பால் கொடுத்திருக்க வேண்டும். முழு வயிறு என்றால் கக்கும், வெறும் வயிறு என்றால் கத்தும். ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பஞ்சுத் தொட்டியில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்கால் முட்டியை லேசாக மடக்கி, அம்மாவின் ஒரு கையைத் தோளில் வைக்கச் சொல்ல வேண்டும். புரோப்பை நேராக வைத்து அரிசி அரிசியாக நகர்த்த வேண்டும். இடுப்பெலும்பின் நேர்கோடு, கிண்ணத்தின் அடி, கிண்ணத்தின் விளிம்பு. மூன்றும் ஒரே படத்தில் விழுந்தால் கருவி தானே படத்தைப் பிடித்து, கோணம் வரைந்து, நிறம் காட்டும். பச்சை என்றால் ஆழம் சரி. மஞ்சள் என்றால் மருத்துவர் பார்க்க வேண்டும். சாம்பல் என்றால் படமே சரியில்லை, மறுபடி எடு.

அந்தச் சமயத்தில் மேடம் புதுச்சேரிக்கு மாறிப் போயிருந்தார். எங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களின் படங்களை அங்கிருந்தே மாலையில் பார்ப்பார். கருவியை ஏற்றுக்கொள்ளும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கழிவு நோட்டு தொடர வேண்டும். மஞ்சள் வந்தாலும் சாம்பல் வந்தாலும் எழுத வேண்டும். இளைஞர்கள் சிரித்தார்கள். "மேடம், டேட்டா எல்லாம் உள்ளயே இருக்கும்." மேடம் கண்ணாடியைக் கழற்றினார். இளைஞர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றே மாதத்தில் நான் அந்தக் கருவிக்குப் பூசாரி ஆகிவிட்டேன். நிறத்தைப் பார்த்துக் குறி சொல்வேன். கிளிஞ்சல்மேட்டிலிருந்து அமுதா என்ற பெண் தலைப்பிள்ளையோடு வந்தது அப்போதுதான். வலது இடுப்புக்கு மஞ்சள் வந்தது.

"என்னா சார் மஞ்சளா வருது? நல்லதா கெட்டதா?"

"கொஞ்சம் ஆழம் கம்மியா இருக்கலாம்னு சொல்லுது. டாக்டர் பாப்பாங்க. பெல்ட் போட்டா சரியாயிடும்."

அவள் அழ ஆரம்பித்தாள்.

"அட, அழாதம்மா. சின்ன விஷயந்தான்."

"அதுக்கு அழல சார். துணி மாத்துறப்பல்லாம் இந்தக் காலு விரியவே மாட்டேங்குதுன்னு பத்து நாளா சொல்றேன். மொதப் புள்ள பெத்தவளுக்கு என்னா தெரியும்னு வூட்ல அத்தன பேரும் என் வாய அடைச்சுட்டாங்க. ஒங்க மெஷினாச்சும் எம் பக்கம் பேசுச்சே."

நான் நிமிர்ந்து நின்று, "மெஷினுக்குச் சொந்தபந்தம் கிடையாதும்மா. அதனாலதான் அத நம்பலாம்" என்றேன். அந்த வசனம் எனக்கே மிகவும் பிடித்துப்போனது. அந்த வாரத்தில் மட்டும் நாலு பேரிடம் சொன்னேன். இரண்டு பேர் கேட்கவே இல்லை, ஆனாலும் சொன்னேன்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன்.

எனக்கும் ஜெசிந்தாவுக்கும் கல்யாணமாகிப் பதினேழு ஆண்டு குழந்தையில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக அவள் வேண்டிக்கொள்வாள். கூட நடக்கிறேன் என்று நானும் ஒத்துக்கொண்டு, பாதி வழிகூட நடக்க முடியாத கால்களோடு ஆண்டுதோறும் கூடவே போவேன். கடைசியில், நாங்கள் கேட்பதை நிறுத்திய பிறகு, ஆக்னஸ் பிறந்தாள். ஐம்பத்து மூன்று வயதில் அப்பா. ஆஸ்பத்திரி வாசலில் கையில் குழந்தையோடு நின்றால், "பேத்தியா சார்?" என்பார்கள். முதல் பத்து பேருக்கு "மகள்" என்றேன். பிறகு "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். நேரம் மிச்சம்.

ஆக்னஸ் வயிற்றில் தலை திரும்பவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தாள்; ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண், அதிலும் தலைப்பிள்ளை. நான் மற்றவர்களுக்கு விளக்கும் பட்டியல் முழுவதும் என் கையில் படுத்துக் கொட்டாவி விட்டது. ஆறு வாரம் முடிந்ததும் மேடத்திடம் சொன்னேன். "வெள்ளிக்கிழம கூட்டிட்டு வாங்க, நான் பாக்கறேன்" என்றார்.

அன்று புதன்கிழமை. இரண்டு நாள். இரண்டே நாள் பொறுக்க முடியாமல், வியாழக்கிழமை காலையில் ஜெசிந்தாவையும் குழந்தையையும் ஸ்கேன் அறைக்குக் கூட்டிப் போனேன். மற்றவர்கள் வார்டுக்குப் போயிருந்த நேரம். கதவைச் சாத்தினேன். அப்பாவை வெளியே நிறுத்த ஆளில்லை. நிறுத்துகிற ஆள்தான் அப்பா.

வலது இடுப்பு முதல் தடவையிலேயே பச்சை. இடது இடுப்புக்குப் பத்து முப்பத்தொன்றுக்கு முதல் படம் விழுந்தது. மஞ்சள்.

குழந்தை அசைந்துவிட்டாள் என்று நினைத்தேன். அசையவில்லை. ஜெல் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் பிதுக்கினேன். மஞ்சள். கருவி நம்மூர்ப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியதில்லை, எங்கோ வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பார்த்துப் படித்தது என்று தோன்றியது. நாற்பது நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அதையே வேதவாக்காகச் சொன்னவன் நான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. மஞ்சள். மறுபடி மஞ்சள்.

டேப்லெட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு குப்பைத்தொட்டி உண்டு. ஒவ்வொரு மஞ்சளையும் அதில் தட்டினேன். எட்டாவது, ஒன்பதாவது படங்களில் என் கை ஒன்றைக் கண்டுபிடித்தது. புரோப்பை இம்மியளவு பின்னால் தள்ளி, மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தால், கிண்ணத்தின் ஆழமான பக்கம் படத்துக்கு வருகிறது. நேர்கோடும் ஏறக்குறைய நேராகவே இருக்கிறது. இளைஞர்கள் சொன்ன மாதிரி கை ஸ்டெடியாக இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுப் பழக்கமுள்ள கை. போதாத இடுப்பைப் போதும் என்று காட்டுகிற அளவுக்குத் தேர்ந்த கை. பதினொன்றாவது படம் பத்து நாற்பத்திரண்டுக்குப் பச்சையானது.

"பாத்தியா? ஒண்ணுமில்ல" என்றேன். ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். கழிவு நோட்டைத் திறக்கவே இல்லை.

மாலையில் மேடம் போனில் கூப்பிட்டார்.

"அந்தோணி, நான்தான் வெள்ளிக்கிழம பாக்கறேன்னு சொன்னேனே?"

"சும்மா ஒரு தடவ வச்சுப் பாத்தேன் மேடம். பச்சை."

"இடது பக்கம் ஒரே படமா?"

"ஒரே படந்தான் மேடம்."

மறுமுனையில் கண்ணாடி துடைக்கிறாரோ என்று நினைத்தேன். "எதுக்கும் நாளைக்கிக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் குழந்தைக்குச் சளி என்றேன். அடுத்த வெள்ளி மழை என்றேன்; மழை உண்மைதான், சாரல். அதற்கடுத்த இரண்டு வெள்ளியும் மேடம் விடுப்பில் இருந்தார். நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். எதற்கு என்று எனக்கு நானே விளக்கிக்கொள்ளவில்லை.

வீட்டில் ஜெசிந்தா துணி மாற்றும்போது சொல்வாள்: "என்னங்க, இந்த எடது காலு மட்டும் முழுசா விரியலங்க. வந்து பாருங்களேன்."

"பச்சைன்னு மெஷினே சொல்லியாச்சு. நீ மெஷினவிடப் பெரியாளா?"

கால் விரியவில்லை என்று அமுதா சொன்ன அதே வார்த்தை. ஒரே மாதத்தில் அதே வார்த்தையை என் வீட்டுக்குள்ளேயே கேட்டேன், காது கேட்கவில்லை.

தடுப்பூசிக்காக ஜெசிந்தா ஆக்னஸைத் தூக்கிக்கொண்டு வந்த நாளில் எல்லாம் வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமை. எங்கள் அறை வாசலில் ஒரு நீள பெஞ்ச் இருக்கும். பெல்ட் போட்ட பிள்ளையோடு மறுபரிசோதனைக்கு வந்த அமுதாவும் அதில் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா குழந்தைக்குத் துணி மாற்றியிருக்கிறாள். நான் உள்ளே யாருடைய மணிக்கட்டையோ படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கதவைப் படாரென்று திறந்துகொண்டு அமுதா வந்தாள்.

"சார், ஒங்க பாப்பாவ மறுபடி பாருங்க. எம் புள்ளைக்கு இருந்த மாதிரியே இருக்கு காலு."

"அதெல்லாம் பாத்தாச்சும்மா. பச்சை."

"நானும் அக்காகிட்ட அதான் கேட்டேன். அக்கா ஒரு மாசமா சொல்லிட்டுதான் இருக்காங்களாமே சார்?"

பின்னால் ஜெசிந்தா நின்றாள். இருவருக்கும் காட்டிவிட்டு வாயை மூடவைக்கலாம் என்று டேப்லெட்டை எடுத்து ஆக்னஸின் பெயரைத் தட்டினேன். எனக்குத் தெரியாத ஒன்று, அல்லது இளைஞர்கள் சொல்லியும் நான் காதில் வாங்காத ஒன்று: குப்பைத்தொட்டியில் போட்டது எதுவும் அழிவதில்லை. மேலே ஒரு பச்சை. கீழே வரிசையாக, குறுக்குக் கோடு போட்ட மஞ்சள்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் நேரத்தோடு.

அமுதா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து விரலால் எண்ணினாள். கிண்டல் அல்ல, உண்மையான ஆச்சரியத்தோடுதான் சொன்னாள்:

"எம் புள்ளைக்கு ஒண்ணுதான் வந்துச்சு. ஒங்க புள்ளைக்குப் பத்து வந்திருக்கே சார்!"

ஜெசிந்தா என்னைத் திட்டவில்லை. "பதினேழு வருஷம் பொறுத்தேங்க நான்" என்றாள். "ஒங்களால ஒரு வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுக்க முடியல." பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேடத்துக்குப் போன் செய்தேன். அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போய்விட்டது. அவரிடமும் "மேடம்" என்றே பேச ஆரம்பித்துவிட்டேன், அவர் கறிக்கடைக்காரர். இரண்டாம் தடவை மேடம் எடுத்தார்.

"மேடம், ஆக்னஸுக்கு ஒரே படம் இல்ல. பதினொண்ணு."

"மஞ்சள் எத்தன?"

"பத்து."

கண்ணாடி துடைக்கும் நேரம்கூட ஆகவில்லை. "கெளம்பிட்டேன்" என்றார். "நீங்க எதையும் தொடாதீங்க."

புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு எப்படி வந்தாலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அந்த மூன்று மணி நேரமும் பெஞ்சில் என் மனைவியும் என் மகளும் அமுதாவும் அவள் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நான் எதிர்ச் சுவரோரம் நின்றேன். பெஞ்சில் இடம் இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"நீ போம்மா, ஒனக்கு பஸ் போயிடும்" என்றேன் அமுதாவிடம்.

"போவட்டும் சார், அடுத்த பஸ் வராமலா போயிடும்?" என்றாள். பிறகு ஜெசிந்தாவிடம் திரும்பி, "அக்கா, ரெண்டு காலையும் சேத்துச் சுத்தாதீங்க. இப்புடி நெஞ்சோட சாச்சு, காலு ரெண்டும் தவளமாரி விரிஞ்சிருக்கட்டும். பெல்ட்டப் பாத்துப் பயப்படாதீங்க. மொத நாலு நாளு கத்தும். அப்புறம் கழட்டுனாத்தான் கத்தும்." ஆக்னஸை அவளே வாங்கிச் சரியாக வைத்துக் காட்டினாள். என் மகள் உடனே தூங்கிவிட்டாள். அந்தப் பக்கமாகப் போன வார்டு ஊழியர் ஒருவர் நின்று, "பேத்திக்கு என்னா சார் ஒடம்புக்கு?" என்று விசாரித்தார். நான் பதில் சொல்வதற்குள் ஜெசிந்தா, "மகள். இவருதான் அப்பா" என்றாள். என்னைச் சுட்டிய விதம் போலீஸ் ஸ்டேஷனில் ஆளை அடையாளம் காட்டுவதுபோல இருந்தது.

எதையும் தொடாதீர்கள் என்றார் மேடம். நோட்டைத் தொடலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கழிவு நோட்டை எடுத்து வந்து, நின்றபடியே சுவரில் வைத்து எழுதினேன். ஆக்னஸ், இடது, பத்து முப்பத்தொன்று, மஞ்சள். ஆக்னஸ், இடது, பத்து முப்பத்திரண்டு, மஞ்சள். பத்து வரி. கையெழுத்து போட்டேன். காரணக் கட்டம் பத்தும் காலியாக இருந்தன. "குழந்தை அசைந்தாள்" என்று எழுத முடியாது. "ஜெல் குறைவு" என்று எழுத முடியாது. "கருவியின் கோளாறு" என்று எழுத, உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் பேனா இறங்கியது. புள்ளியோடு நிறுத்திக்கொண்டேன். அந்தப் புள்ளி இன்னும் நோட்டில் இருக்கிறது.

அன்றைய பரிசோதனையின் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடது கிண்ணம் ஆழம் போதவில்லை. கருவி பத்து தடவை சொன்னது சரி. பந்து இடம் விட்டு விலகியிருக்கவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். நான்கு வாரம் வீணாய்ப் போயிருந்தது. அந்த நான்கு வாரத்துக்குப் பதிலாகப் பெல்ட் கூடுதலாக நாட்களைக் கேட்டது. இரண்டாம் வாரம் நான் நீண்ட விடுப்பு எடுத்தேன், பிறகு விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன். உடல்நிலை காரணமாக என்று எழுதினேன். யாருடைய உடல்நிலை என்று படிவத்தில் கேட்கவில்லை. பெல்ட் போட்ட குழந்தையைக் குளிப்பாட்டாமல் ஈரத்துணியால் துடைக்க இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவர் உத்தரவு போட வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும். எனக்கு இரண்டாவது வேலை கிடைத்தது.

இப்போது பெல்ட் இல்லை. ஆக்னஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் நிற்கும்போதெல்லாம் நான் தரையில் குப்புறப் படுத்து எந்தக் காலில் பாரம் வைக்கிறாள் என்று பார்க்கிறேன். ஜெசிந்தா, "எந்திரிங்க, யாராச்சும் வந்தா மயக்கம் போட்டுட்டீங்கன்னு நெனப்பாங்க" என்கிறாள். அடுத்த மாதம் ஒரு எக்ஸ்ரே இருக்கிறது. அதை எடுக்கப்போவது இந்தக் கட்டுரையைக் கேட்ட பிள்ளைகளில் ஒருவர்தான். தம்பிகளே, தங்கச்சிகளே, என் அனுபவத்திலிருந்து உங்களுக்குப் பயன்படக்கூடியது அன்று மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு நடந்தது மட்டும்தான்.

அப்போதுதான் மேடம் வந்து சேர்ந்தார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நேராக பெஞ்சுக்குப் போய், ஆக்னஸின் பாதத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். "பால் எப்ப குடுத்தீங்க?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டார். "அரை மணி நேரம் இருக்கும் மேடம்." "பாதி வயிறா?" "பாதிதான்." தலையசைத்தார். ஜெல் பாட்டிலை வெந்நீரில் போடப் பழக்கதோஷத்தில் நான் ஓடினேன். திரும்பி வந்தபோது மேடம் கதவருகே நின்று கழிவு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வரியையும் மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார். காலிக் கட்டங்களில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றவில்லை.

நான் வழக்கம்போலக் கதவைத் திறந்து பிடித்தேன். ஜெசிந்தா குழந்தையோடு உள்ளே போனாள். பின்னாலேயே நானும் ஒரு கால் வைத்தேன். மேடம் கையை நீட்டி என்னிடமிருந்து ஜெல் பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

"காரணத்த நான் எழுதிக்கிறேன்" என்றார். "அப்பா கொஞ்சம் வெளிய நில்லுங்க."